கரிசலும் கச்சேரியும் – 11: தீர்வை தேர்ந்தெடுத்த நீதிபதி

கோவில்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் வரப்புத் தகராறோடு வக்கீலிடம் போனால், வக்கீல் முதலில் கேட்பது நிலத்தின் மதிப்பை. மதிப்பு தெரிந்த பிறகே எந்தக் கோர்ட், எந்த நீதிபதி என்பது முடிவாகும். ஒரு தொகை வரைக்கும் மாவட்ட முன்சீப். அதைத் தாண்டினால் சப் கோர்ட் என்று ஊர் சொல்லும் சார்பு நீதிமன்றம். அதையும் தாண்டினால் ஜில்லா கோர்ட். வழக்கை விசாரிக்கத் தகுதியுள்ள நீதிமன்றங்களில் எது கடைசிப் படியில் இருக்கிறதோ அங்கேதான் தாக்கல் செய்ய வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த ஏணியைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எண்ணம் தானாகவே வந்துவிடும். கீழே இருப்பவர் சின்ன நீதிபதி, அவரிடம் போவது சின்ன வழக்கு. மேலே போகப் போக நீதிபதியும் பெரியவர், வழக்கும் பெரியது. கரிசல் பூமியைப் பொறுத்தவரை இந்த எண்ணத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது. இங்கே நீதிபதியின் படியை முடிவு செய்தது வழக்கின் கனம் இல்லை. நிலத்தின் மீது சர்க்கார் விதித்த தீர்வை. புஞ்சைக்குத் தீர்வை குறைவாக இருந்ததால், மிகச் சிக்கலான நில வழக்குகளெல்லாம் மிகக் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்ச் சேர்ந்தன. அவர் எழுதிவைத்ததே பெரும்பாலும் கடைசிச் சொல்லாகவும் நின்றது.

ஏணி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். 1799-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு, 1801-ல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்த பிறகு, பாளையக்காரர்கள் கையில் இருந்த காவலும் நியாயமும் கம்பெனியின் கைக்கு வந்தன. 1803-ல் எட்டயபுரம் போன்ற தென்பாளையங்கள் நிரந்தரத் தீர்வையோடு ஜமீன்களாயின. கோவில்பட்டி எட்டயபுரம் ஜமீனுக்குள் இருந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1802-ன் ஒழுங்குமுறைச் சட்டங்கள் வங்காளத்தில் காரன்வாலிஸ் போட்ட அமைப்பை அப்படியே சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்திருந்தன. ஜில்லாவுக்கு ஒரு வெள்ளைக்கார நீதிபதி, அவருக்கு மேல் திருச்சிராப்பள்ளியில் தென்பகுதிக்கான மாகாண நீதிமன்றம், அதற்கும் மேல் சென்னையில் சதர் அதாலத்து. மொழி தெரியாத ஒரே ஒரு நீதிபதி ஒரு ஜில்லாவின் கடன், குத்தகை, எல்லை, வாரிசு வழக்குகள் எல்லாவற்றையும் தீர்க்க வேண்டும் என்றால் கட்டுகள் குவியாமல் என்ன செய்யும்? குவிந்தன. அந்தக் குவியலைப் பார்க்கத்தான் 1814-ல் தாமஸ் மன்றோ தலைமையில் ஆணையம் வந்தது.

மன்றோவின் விடை 1816-ன் சட்டங்களில் இருக்கிறது. கிராமத் தலைவரையே கிராம முன்சீப் ஆக்கி, 10 ரூபாய் வரையிலான பண வழக்குகளை அவரிடம் விட்டார். அதற்கு மேல், பல கிராமங்கள் சேர்ந்த பகுதிக்கு ஒரு மாவட்ட முன்சீப். அவருக்கு 200 ரூபாய் வரை அதிகாரம். கிராமப் பஞ்சாயத்துக்கும் மாவட்டப் பஞ்சாயத்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் போட்டார். முன்சீப் என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. 'இன்சாஃப்' என்றால் நியாயம், நியாயம் செய்கிறவர் முன்சீப். இந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஊர் வழக்கு தெரியும், ஆகவே இந்தியர்களே அந்த நாற்காலியில் இருக்க வேண்டும் என்று மன்றோ வாதாடினார். அந்த வாதம் உண்மையானது. ஆனால் அதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. இந்தியர் உட்காரும் நாற்காலிக்குச் சம்பளம் குறைவு, அதிகாரத்துக்கு ரூபாய் வரம்பு உண்டு. வெள்ளைக்காரர் உட்காரும் நாற்காலிக்கு அந்த வரம்பு கிடையாது. கீழ்ப்படி என்பது முதலில் இனத்தின் படியாக இருந்தது. வழக்கின் தன்மையை ஆராய்ந்து, இது எளிது, இது கடினம் என்று யாரும் பிரித்து அந்த எண்களைப் போடவில்லை.

கிராம முன்சீப்பைப் பற்றி இங்கேயே ஒரு மறுப்பைக் கேட்டுவிட வேண்டும். கோர்ட்டும் வக்கீலும் வந்துதான் கிராம நியாயம் கெட்டது, மந்தையில் ஆலமரத்தடியில் நாலு பேர் உட்கார்ந்து தீர்த்த காலம்தான் நல்ல காலம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். செலவில்லை, அலைச்சலில்லை, பொய்ச்சாட்சி எடுபடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனாலும் மன்றோ அவ்வளவு ஆசையோடு உண்டாக்கிய பஞ்சாயத்துகளை மக்கள் அதிகம் நாடவில்லை. அதிகாரமுள்ள டிக்ரி கிடைக்கும் மாவட்ட முன்சீப்பின் கச்சேரியைத்தான் தேடிப் போனார்கள். காரணம் புரியாததல்ல. கிராம முன்சீப்பே வரி வசூலிக்கிறவர். ஊரின் பெரிய பண்ணையும் பெரும்பாலும் அவருடையதாகவோ அவர் சொந்தக்காரருடையதாகவோ இருக்கும். மந்தையில் உட்கார இடம் இல்லாத சாதிக்காரர், அறுத்துக்கட்டிய பெண், வெளியூர்ப் பங்காளி ஆகியோருக்கு அந்த ஆலமரத்தடி நிழல் தரவில்லை. 1873-ன் உரிமையியல் நீதிமன்றச் சட்டம், தனக்குச் சொந்த அக்கறை உள்ள வழக்கை எந்த நீதிபதியும் விசாரிக்கக்கூடாது என்று 17-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. மந்தைப் பஞ்சாயத்தால் அந்த ஒரு விதியைக் கடைப்பிடித்திருக்க முடியாது. ஊரே சொந்தபந்தமாக இருக்கும் இடத்தில் அக்கறை இல்லாதவர் என்று யாரும் இல்லை. கிராம முன்சீப்பின் நீதி அதிகாரம் காலப்போக்கில் தேய்ந்து, பெயர் மட்டும் வரி வசூலோடு நீடித்தது. 1980-ல் தமிழக அரசு கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒழித்தபோது, போனது ஒரு நீதிபதியின் பதவி என்ற நினைவே ஊரில் யாருக்கும் இருந்திருக்காது.

இடைப்படியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்சீப்புக்கும் ஜில்லா நீதிபதிக்கும் நடுவில் சதர் அமீன் என்றும், பிறகு பிரதம சதர் அமீன் என்றும் பதவிகள் இருந்தன. 1843-ல் மாகாண நீதிமன்றங்கள் ஒழிந்தன; 1862-ல் சதர் அதாலத்தும் சுப்ரீம் கோர்ட்டும் இணைந்து சென்னை உயர் நீதிமன்றமாயின; 1873-ன் சட்டம் மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி, மாவட்ட முன்சீப் என்ற மூன்று படிகளை நிலைநிறுத்தியது. அன்று போட்ட அந்த மூன்று படிகளே இன்றும் நிற்கின்றன. மாவட்ட முன்சீப்பின் வரம்பு அப்போது 2,500 ரூபாய். சார்பு நீதிபதிக்கும் மாவட்ட நீதிபதிக்கும் வரம்பே இல்லை. அந்தக் கீழ்ப்படியில் எப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இரண்டு பேரைச் சொன்னால் போதும். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத்துத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழில் தந்து, சட்டம் மக்கள் மொழியில் நடமாட வழி செய்தார். மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக வாழ்க்கையைத் தொடங்கிய முத்துசாமி ஐயர், தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்தார். படி ஏறியதால் அவருக்கு அறிவு வரவில்லை. தரங்கம்பாடி நாற்காலியில் இருந்தபோதே அது அவரிடம் இருந்தது.

இனி இந்த அத்தியாயத்தின் மையத்துக்கு வருகிறேன். வரம்பு 2,500 ரூபாய் என்றால், நிலத்துக்கு என்ன விலை என்று யார் சொல்வது? 1873-ன் சட்டம் அதற்கு 1870-ன் நீதிமன்றக் கட்டணச் சட்டத்தைக் கைகாட்டியது. அந்தச் சட்டம் சந்தை விலையைத் தேடவில்லை. நிரந்தரமாகத் தீர்வை நிர்ணயித்த எஸ்டேட்டுக்கு ஆண்டுத் தீர்வையின் 10 மடங்கு, அவ்வப்போது மாறக்கூடிய தீர்வை கட்டும் நிலத்துக்கு 5 மடங்கு என்று எளிய கணக்கு ஒன்றைப் போட்டது. குடியானவரே நேராகச் சர்க்காருக்குத் தீர்வை கட்டும் ரயத்துவாரிக் கிராமங்கள் இரண்டாம் வகை. இந்தக் கணக்கைக் கரிசலில் வைத்துப் பார்ப்போம். மானாவாரிப் புஞ்சைக்கு ஏக்கருக்கு ஒரு ரூபாய் தீர்வை என்று வைத்துக்கொண்டால், கோர்ட்டின் கண்ணில் அந்த ஏக்கரின் மதிப்பு 5 ரூபாய். முன்சீப்பின் 2,500 ரூபாய்க்குள் 500 ஏக்கர் அடங்கிவிடும். தாமிரபரணிக் கரையில் ஏக்கருக்குப் பத்து ரூபாய் தீர்வை கட்டும் நஞ்சை என்றால் 50 ஏக்கரிலேயே வரம்பு முடிந்து, வழக்கு சப் கோர்ட்டுக்கு ஏறிவிடும். தீர்வை ஊருக்கு ஊர் மாறும், ஆனால் விகிதத்தின் போக்கு இதுதான். ஒரு கிராமத்தின் பாதிக் காட்டையே பங்காளிகள் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கும்கூடக் கரிசலில் முன்சீப்பின் மேசையைத் தாண்டத் தேவையில்லை. ஆற்றுப்பாசன ஊரில் நடுத்தரப் பண்ணையின் வழக்கே மேல்படிக்குப் போய்விடும். 1955-ல் தமிழ்நாட்டுக்கென்று வந்த கட்டணச் சட்டம் சில வகை நில வழக்குகளுக்குத் தீர்வையின் 30 மடங்கு என்று பெருக்கலை மாற்றியது. தராசு அதே தீர்வைத் தராசுதான்.

இதற்கு ஒரு நேர்மையான பதில் உண்டு. மதிப்பு குறைந்தால் கோர்ட் கட்டணமும் குறையும்; பருத்தி விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் இல்லை என்று மழையை நம்பியிருக்கும் சம்சாரிக்கு அது பெரிய சலுகை. தீர்வையை அளவுகோலாக வைத்ததற்கு அதுவே நோக்கமாகவும் இருந்திருக்கலாம். கட்டணத்தைப் பொறுத்தவரை இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் கட்டணத்தை மட்டும் அந்தத் தராசில் நிறுக்கவில்லை. நீதிபதியின் படியையும் அதே தட்டில் வைத்தது. இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டதற்கு நிர்வாக வசதியைத் தவிர வேறு நியாயம் தெரியவில்லை. ஏழையின் வழக்குக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்பதிலிருந்து, ஏழையின் வழக்குக்கு அனுபவம் குறைந்த நீதிபதி போதும் என்ற முடிவு பிறக்காது.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. சின்னத் தொகை வழக்குகள் பெரும்பாலும் எளிமையானவைதானே, அதனால் இளைய நீதிபதியிடம் விடுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். கடன் பத்திர வழக்குகளில் அது சரி. புரோநோட்டில் கையெழுத்து இருக்கிறதா, பணம் திரும்பியதா என்ற இரண்டு கேள்விகளோடு அவை முடிந்துவிடும். அதனால்தான் சின்னப் பண வழக்குகளைச் சுருக்கமாக விசாரிக்க 1887-ன் சட்டம் வழி செய்தது. அங்கே அப்பீலும் கிடையாது. நிலம் அப்படிப்பட்டதல்ல, அதிலும் கரிசல் நிலம். மழை பெய்தால் இந்த மண் உப்பும், கோடையில் ஆள் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். உப்பி வெடிக்கும் மண்ணில் சர்வே கல் சாய்கிறது, புதைகிறது, உழவில் இடம் மாறுகிறது. மண்வரப்பு ஒரு பெருமழையில் கரைந்துவிடும். ஓடை தன் போக்கை மாற்றிக்கொண்டு ஒருவர் காட்டைத் தின்று இன்னொருவர் காட்டில் வண்டல் போடும். மழைக்காலத்தில் வண்டிப்பாதை சேறாகிவிடும் என்பதால் பக்கத்துக் காட்டு மேட்டில் வண்டி ஓட்டுவது வழக்கம்; இருபது வருஷம் அப்படி ஓட்டினால் 1882-ன் வசதியுரிமைச் சட்டப்படி அது பாதை உரிமையாகிறது. எத்தனை வருஷம், தடையில்லாமலா, அனுமதி கேட்டா என்ற கேள்விகளுக்குப் பத்திரத்தில் விடை இருக்காது. பத்திரம் நான்கு மால் சொல்லும்: கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை. அந்த இன்னார் செத்து மூன்று தலைமுறை ஆகியிருக்கும், ஓடை நகர்ந்திருக்கும், பாதை உழப்பட்டிருக்கும். வாரத்துக்கு விட்ட நிலத்துக்கு எழுத்தே இருக்காது. இவற்றையெல்லாம் பக்கத்துக் காட்டுக்காரர்களின் வாய்ச்சாட்சியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அந்தச் சாட்சிகள் இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரர்கள். லட்சக்கணக்கான ரூபாய்க்கான எழுத்துமூல ஒப்பந்த வழக்கைவிட இது பல மடங்கு கடினமான வேலை. வரம்பைப் போட்டவர்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது இந்தக் கடினத்தை.

சரி, முன்சீப் தவறினால் திருத்த மேலே ஆள் இருக்கிறார்களே என்பது மூன்றாவது மறுப்பு. முதல் அப்பீல் சப் கோர்ட்டிலோ ஜில்லா கோர்ட்டிலோ கேட்கப்படும். அங்கே சாட்சியம் முழுவதையும் புதிதாக எடைபோட அந்த நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் எடைபோடுவது காகிதத்தை. கூண்டில் நின்றவர் எந்தக் கேள்விக்குத் தயங்கினார் என்பது பதிவாவதில்லை. அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் அப்பீல். அது சட்டக் கேள்விக்கு மட்டும். 1976-ன் திருத்தத்துக்குப் பிறகு, அந்தச் சட்டக் கேள்வியும் கனமானதாக இருந்தால்தான் கதவு திறக்கும். ஓடை எந்தப் பக்கம் ஓடியது, கல் எங்கே நின்றது, யார் உழுதார் என்பவை நடப்பைப் பற்றிய கேள்விகள்; அவற்றைப் பற்றி முன்சீப் சொல்லி முதல் அப்பீல் ஒப்புக்கொண்டால், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தூரமும் ஒரு நீதிபதி மாதிரிதான். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகும்வரை ஜில்லா கோர்ட் என்றால் திருநெல்வேலி. 2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறக்கும்வரை உயர் நீதிமன்றம் என்றால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னை. உழவும் விதைப்பும் காத்திருக்கும் புரட்டாசியில் சென்னைக்கு ரயில் ஏறத் தயாரான சம்சாரிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? முதல் கோர்ட்டின் டிக்ரியே பல குடும்பங்களுக்கு முதலும் கடைசியுமான தீர்ப்பாக இருந்தது என்று சொல்வது மிகையாகாது.

இதுவரை சொன்னது ரயத்துவாரி ஊர்களுக்கு. எட்டயபுரம் போன்ற ஜமீன் ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே குடியானவருக்கு அந்தக் கீழ்ப்படி நீதிபதிகூட முழுதாகக் கிடைக்கவில்லை. 1865-ன் வாடகை வசூல் சட்டம் பட்டா, முச்சிலிக்கா தகராறுகளைக் கலெக்டரின் சுருக்க விசாரணைக்கு அனுப்பியது. 1908-ன் எஸ்டேட் நிலச் சட்டம் குடியானவரின் சாகுபடி உரிமையை உறுதியாக்கியது. அந்த வகையில் அது பெரிய முன்னேற்றம். ஆனால் ஜமீன்தாருக்கும் குடியானவருக்கும் இடையிலான பெரும்பாலான வழக்குகளை வருவாய் நீதிமன்றம் என்ற பெயரில் கலெக்டர், டெப்டி கலெக்டர்களிடமே ஒப்படைத்தது. வரி வசூலைக் கவனிக்கும் அதிகாரி காலையில் ஜமாபந்தி நடத்திவிட்டு, மதியம் வார வழக்கில் தீர்ப்புச் சொல்கிறார். இதே காலத்தில் ஜமீன்தார்கள் தங்களுக்குள் வழக்காடும்போது எந்த நீதிபதியிடம் போனார்கள் என்று பாருங்கள். சிவகங்கை ஜமீன்தார் 1829-ல் இறந்ததிலிருந்து எழுந்த வாரிசுப் போராட்டம் 1863-ல் லண்டனில் பிரிவி கவுன்சிலின் முன்னால் காத்தம நாச்சியாரின் வழக்காக முடிந்தது. கணவரின் அனுமதி இல்லாமலே, சபிண்டர்களின் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்று பிரிவி கவுன்சில் 1868-ல் சொன்னது ராமநாதபுரம் ஜமீன் வழக்கில். இந்து சட்டத்தின் பாடநூல்களில் இன்றைக்கும் முதல் பக்கங்களில் நிற்கும் தீர்ப்புகள் அவை. இரண்டுமே கரிசலை ஒட்டிய வறண்ட சீமையிலிருந்து போனவை. அதே சீமையில் உழுதவனின் உரிமையைப் பற்றிய பெருந்தீர்ப்பு எதுவும் அந்தக் காலத்திலிருந்து அப்படி நிற்கவில்லை. உழுதவனுக்கு லண்டன்வரை ஏறப் படியே இருக்கவில்லை.

1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களை எடுத்துக்கொண்டு, நிலங்களை ரயத்துவாரி ஆக்கியபோது, யாருக்குப் பட்டா என்பதைத் தீர்மானிக்க செட்டில்மெண்ட் அதிகாரி என்று இன்னொருவர் வந்தார். அவரும் நீதிபதி அல்ல. அவர் கொடுத்த பட்டாவே கடைசி வார்த்தையா, அதை எதிர்த்துச் சொத்து தன்னுடையது என்று முன்சீப் கோர்ட்டுக்குப் போகலாமா என்ற கேள்வி முப்பது வருஷத்துக்கு மேல் இழுபட்டது. 1985-ல் ராமலிங்க சாமிகள் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: செட்டில்மெண்ட் அதிகாரியின் விசாரணை சுருக்கமானது, வரி விதிப்புக்கானது, உரிமை யாருடையது என்று முழுதாக ஆராய உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை அது பறிக்காது. பழைய ஜமீன் ஊர்களில் பட்டா ஒருவர் பெயரிலும் அனுபவம் இன்னொருவர் கையிலும் இருப்பது அதிசயமில்லாத இந்த வட்டாரத்துக்கு இந்தத் தீர்ப்பின் அர்த்தம் பெரியது. நூறு வருஷத்துக்கும் மேல் கலெக்டர் கச்சேரியில் சுருங்கிக் கிடந்த கேள்வி, சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் நீதிபதியிடம் திரும்பி வந்தது. அந்த நீதிபதி பெரும்பாலும் முன்சீப்தான்.

மேல்படிகளின் வேலையை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைத்துவிடக்கூடாது. சப் கோர்ட் பெரிய பாகப்பிரிவினைகளையும் முன்சீப் தீர்ப்புகள் மீதான அப்பீல்களையும் பார்க்கிறது. மாவட்ட நீதிபதிக்கு இரண்டு தொப்பி: உரிமையியலில் மாவட்ட நீதிபதி, குற்றவியலில் செஷன்ஸ் நீதிபதி. 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்த பின்ஹே அமர்ந்திருந்தது அந்த இரண்டாவது தொப்பியின் கீழ். சிறையிலிருந்து வெளிவந்து, பறிபோன வக்கீல் சன்னதை ஒரு வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் திரும்பப் பெற்று, அவர் பெயரையே தம் மகனுக்கு வாலேசுவரன் என்று வைத்த வ.உ.சி., 1920-களில் வக்கீல் தொழில் நடத்த வந்தது கோவில்பட்டிக்குத்தான் என்பதை இந்த ஊர் மறக்கக்கூடாது. சில வழக்குகளைத் தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜில்லா கோர்ட்டுக்குக் கீழே தாக்கல் செய்யவே முடியாது. வணிகச் சின்ன வழக்கு அவற்றில் ஒன்று. தீப்பெட்டி லேபிளைப் போலி செய்தவன் மீது வழக்கா, மாவட்ட நீதிபதி. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் பெயரை வெளியூர்க்காரன் திருடினானா, அதுவும் மாவட்ட நீதிபதி. இங்கே நாடாளுமன்றம் தொகையைப் பார்க்கவில்லை. வழக்கின் தன்மையைப் பார்த்து, இதற்கு அனுபவமுள்ள நீதிபதி வேண்டும் என்று முடிவு செய்தது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. லேபிளுக்குச் செய்ய முடிந்ததை வண்டிப்பாதைக்கும் எல்லைக்கல்லுக்கும் செய்ய முடியாதா என்ன?

வரம்பை உயர்த்திக்கொண்டே போனால் போதும், நிலத்தின் சந்தை விலையும் ஏறிவிட்டது, வழக்குகள் தாமாகவே மேல்படிக்குப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். நான்குவழிச் சாலை வந்து, காற்றாலை வந்து கரிசலின் விலை மாறியது நிஜம். ஆனால் வழக்கு நடக்கும் விதம் வேறு. நிலத்தின் மீது வருகிற வழக்குகளில் பெரும்பகுதி 'என் அனுபவத்தில் எதிரி தலையிடக்கூடாது' என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை வழக்காகவே போடப்படுகிறது. அதற்கு நிலத்தின் விலை கணக்கில்லை. வாதி தன் பரிகாரத்துக்குத் தானே ஒரு சிறு மதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். எத்தனை கோடி பெறுமான நிலமானாலும் வழக்கு முன்சீப் கோர்ட்டில்தான் விழும். உரிமையே சிக்கலாக இருந்தால் வெறும் உறுத்துக்கட்டளை கேட்கக்கூடாது, உரிமை விளம்புகையும் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் அனதுலா சுதாகர் வழக்கில் தெளிவாக்கியது. எப்போது உரிமை சிக்கல், எப்போது இல்லை என்று முதலில் பார்த்துச் சொல்ல வேண்டியவரும் அந்த முன்சீப்தான். அந்த நாற்காலிக்கு வருகிறவர்களில் சிலர் சட்டக்கல்லூரியிலிருந்து நேராகத் தேர்வு எழுதி வந்தவர்கள். குறைந்தது மூன்று ஆண்டு வக்கீலாக இருந்தவரே இனி இந்தத் தேர்வை எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20-ல் தீர்ப்பளித்தது. தாமதமானாலும், கீழ்ப்படியின் வேலை எளிய வேலை அல்ல என்பதை அமைப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது.

எல்லை வழக்கில் முன்சீப்பின் கையில் இருக்கும் கனமான கருவி அவருடைய தீர்ப்பு எழுதும் பேனா இல்லை. கமிஷனரை நியமிக்கும் உத்தரவு. ஒரு வக்கீல் ஆணையராகப் போகிறார், சர்வேயர் சங்கிலியோடு கூடப் போகிறார். காட்டில் நடந்து, சாய்ந்த கல்லையும் ஓடையின் இப்போதைய கரையையும் அளந்து, ஒரு வரைபடமும் அறிக்கையும் தருகிறார். இரண்டு தரப்பும் ஆட்சேபணை சொல்லலாம். அதைக் கேட்டு முன்சீப் முடிவு செய்கிறார். பிறகு வழக்கு தூத்துக்குடிக்குப் போனாலும் மதுரைக்குப் போனாலும் டெல்லிக்கே போனாலும், அந்த மண்ணை அங்கே யாரும் மறுபடி மிதிப்பதில்லை. கட்டுக்குள் மடித்துவைத்த அந்த ஒரு தாள்தான் காடு. டிக்ரி ஆன பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போகிறவர் அமீனா. ஒரு காலத்தில் சதர் அமீன் என்று நீதிபதியின் பட்டமாக இருந்த பெயர், ஜப்தி செய்யவும் சுவாதீனம் ஒப்படைக்கவும் வருகிற ஊழியரின் பெயராக எப்படி மாறியது, டிக்ரி வாங்கியவர்கள் நிலத்தை வாங்க ஏன் இன்னும் பத்து வருஷம் காத்திருந்தார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.